சுனாமி உருவாக்கிய சதுப்பு நிலம்: சிப்பிகாட் செல்வோர் அறிய வேண்டியவை

ஸ்ரீ விஜய புரம்: அந்தமான் தலைநகரின் டெய்ரி ஃபார்ம், கராச்சர்மா பகுதிகளைக் கடந்து வண்டூர் செல்லும் சாலையில் பயணிப்போர், சிப்பிகாட் அருகே பரந்த நீர்ப்பரப்பைக் காணலாம். பறவை ஆர்வலர்கள் தேடி வரும் இந்தச் சதுப்பு நிலம் இயற்கையாக நெடுங்காலம் இருந்ததன்று. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை வரை இதன் பெரும்பகுதி விளைநிலமாக இருந்தது.

அன்று சுமத்ரா அருகே ஏற்பட்ட 9.1 அளவிலான நிலநடுக்கத்தில் அந்தமான் தீவுத்தொடரே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து, பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்தன. தெற்கு அந்தமானில் நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி அலைகள் வடிந்த பிறகும், தாழ்ந்த வயல்களுக்குள் ஒவ்வோர் ஓதத்தின்போதும் கடல்நீர் புகுந்துகொண்டே இருந்தது. நெல் விளைந்த மண் உவர்ப்பேறியது. தென்னைகள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின.

விவசாயிகள் இழந்த இடத்தில் பறவைகள் குடியேறின. இவற்றில் முக்கியமானது அந்தமான் கிளுவை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட இந்தப் பழுப்பு நிற வாத்து, அந்தமான் தீவுகளையே முதன்மை வாழிடமாகக் கொண்டது. இதன் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால், ஐயுசிஎன் அமைப்பு இதனை அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் வைத்துள்ளது. தாழைக்கோழி, மஞ்சள் குருகு, செங்குருகு, கொக்கு வகைகளையும் இங்கு காணலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ளான், உப்புக்கொத்தி போன்ற வலசைப் பறவைகளும் வருகின்றன. நீர் வடியும் நேரத்தில் சேற்றுப்பரப்பு வெளிப்படுவதால், ஓத நேரத்தை அறிந்து செல்வது பயன் தரும்.

தமிழகத்திலிருந்து செல்வோர் கடிகாரத்தை நம்பி ஏமாறக்கூடாது. நாட்டின் கிழக்கே வெகுதொலைவில் இருந்தாலும் இங்கும் இந்திய நேரமே பின்பற்றப்படுகிறது. ஆகவே காலை 6 மணிக்கே வெளிச்சம் நன்கு பரவிவிடும். குளிர்காலத்தில் மாலை 5.30 மணிக்குள் இருட்டத் தொடங்கும்.

சிப்பிகாட்டில் சாலையோரத்தில் நின்றபடியே பறவைகளைப் பார்க்க முடியும். மலையேற்றம் விரும்புவோருக்கு ஏற்றது, நகரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவிலுள்ள சிடியா தாப்பு. அங்கிருந்து காட்டு வழியாக முண்டா பஹாட் முனைக்கு நடைபாதை செல்கிறது. மழைக்காலத்தில் பாதை வழுக்கும்.

எந்த இடமானாலும் நீரில் இறங்குவது ஆபத்தானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உவர்நீர் முதலைகள், சுனாமிக்குப் பின் நீரில் மூழ்கிய நிலங்களையும் தமது வாழிடமாக்கிக்கொண்டன. அதாவது, ஊருக்கும் முதலைக்கும் இடையிலான தூரம் குறைந்துவிட்டது. கலங்கிய நீரில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்தைப் பாதுகாப்பான இடமாகக் கருதிவிடக்கூடாது. படம் எடுப்பதற்காகக் கரையோரச் சேற்றில் இறங்குவதும், உணவுக் கழிவுகளை நீரில் வீசுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

இப்பகுதியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது எளிதன்று. கரையெழுப்பி, மதகுகள் அமைத்து ஓதநீரைத் தடுத்தால், உவர்ப்பேறிய நிலத்தை மழைநீரால் கழுவி மீண்டும் பயிரிடலாம். ஆனால் அவ்வாறு நீர் வற்றினால், கிளுவைகளுக்குக் கிடைத்த மேய்ச்சல் பரப்பு சுருங்கும். இன்று பார்வையாளர்கள் தொலைநோக்கியில் ரசிக்கும் நீர்ப்பரப்பின் அடியில் இருப்பது பல குடும்பங்களின் வயல்.