தேள் கடிக்கு இரத்த அழுத்த மாத்திரை

இரத்த அழுத்த மாத்திரை தேள் கடிக்கு மருந்தாகுமா? ஆகும் என்று காட்டியவர், மகாராஷ்டிர மாநிலம் மஹாட் என்னும் சிற்றூரின் மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர்.

அங்குள்ள செந்தேள் கொட்டினால், அச்சத்தின்போது நம் உடலில் சுரக்கும் அட்ரினலினும் அதன் இனப் பொருள்களும் வெள்ளமாய்ப் பெருகும். இரத்தக் குழாய்கள் இறுகும், அழுத்தம் ஏறும், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும். குழந்தைகள் பலர் இவ்வாறு மாண்டனர். பிராசோசின் மாத்திரையோ, குழாய்ச் சுவரில் அப்பொருள்கள் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும். குழாய்கள் விரியும், இதயத்தின் பாரம் குறையும். இதனை அவர் 1986இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். இறப்பும் வெகுவாகக் குறைந்தது.

செந்தேள் நம் மூவார்ப் பக்கம் இல்லை. ஆனால், பாடம் நமக்கும் உண்டு. நாம் எழுந்து நிற்கையில் இரத்தம் காலிலே தேங்கிவிடாமல் குழாய்களை இறுக்குவதும் அதே பொருள்கள்தாம். ஆகவே இவ்வின மாத்திரை உண்பவர் சட்டென எழுந்தால் தலை சுற்றும், மயங்கியும் விழலாம். முதல் மாத்திரையில் இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் அதைப் படுக்கப் போகும்போது உண்ணச் சொல்வார்கள்.

விடியுமுன் எழும் பெரியவர்களே, சற்று நேரம் கட்டிலில் உட்கார்ந்து, பிறகு எழுந்திருங்கள். தலை சுற்றினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.