கூரை மேல் குடித்தனம்!

வீட்டுக் கூரை மேல் ஒரு பழைய வண்டிச் சக்கரம். சக்கரத்தின் மேல் சுள்ளிகளால் கட்டிய பெரிய கூடு. கூட்டில் ஒரு காலை மடக்கிக்கொண்டு நிற்கிறது ஒரு நாரை. தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே நடக்கிறார்கள்.

சக்கரம் காற்றில் பறந்து வந்து அங்கே விழவில்லை. நாரை வந்து குடியேறட்டும் என்று வீட்டுக்காரரே ஏற்றி வைத்தது அது!

இந்த அதிசயத்தை அல்சாஸ் என்ற இடத்தில் பார்க்கலாம்.

நான்கு முறை மாறிய கொடி

பிரான்ஸ் நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கிறது அல்சாஸ். ரைன் நதியைத் தாண்டினால் ஜெர்மனி. இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட பூமி இது.

1871-ல் இதை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. 1918-ல் பிரான்ஸ் திரும்பப் பெற்றது. 1940-ல் மறுபடியும் ஜெர்மனி பிடித்தது. இரண்டாவது உலகப்போர் முடியும்போது மறுபடியும் பிரான்சிடம் வந்தது. பிறந்த வீட்டை விட்டு நகராத கிழவர் கூட நான்கு தடவை தேசம் மாறினார்!

கொடி மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் ஒவ்வொரு வசந்த காலத்திலும் நாரைகள் அதே கூரையைத் தேடி வந்தன. அதனால்தான் அல்சாஸ் மக்களுக்கு நாரை மீது அவ்வளவு பிரியம்.

மிஞ்சியது ஒன்பது ஜோடி

வெள்ளை உடல். இறக்கையின் ஓரம் கறுப்பு. அலகும் காலும் சிவப்பு. தமிழில் செங்கால் நாரை என்கிறோமே, அதுதான் இந்தப் பறவை. நின்றால் சுமார் ஒரு மீட்டர் உயரம். இறக்கையை விரித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம்.

இதற்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். பேச வேண்டுமானால் அலகின் இரு பாதிகளையும் 'டக டக' என்று தட்டும். ஜோடி சேர்ந்து தட்டினால் தெரு முழுவதும் கேட்கும்.

குளிர் காலம் வந்தால் இவை ஆப்பிரிக்காவுக்குப் பறந்துவிடும். வசந்தத்தில் திரும்பிவிடும். ஆனால் போனவை எல்லாம் திரும்பவில்லை. ஆப்பிரிக்காவில் பஞ்சம் வந்து இரை கிடைக்கவில்லை. வழியில் வேட்டைக்காரர்கள் சுட்டார்கள். மின்சாரக் கம்பியில் மோதிப் பல செத்தன. ஊரிலும் தவளையும் பூச்சியும் கிடைத்த ஈர நிலங்கள் வற்றிப்போயின.

1960-ல் அல்சாசில் நூறு ஜோடிக்கு மேல் இருந்தன. 1974-ல் எண்ணிப் பார்த்தார்கள். ஒன்பது ஜோடிதான் மிச்சம்!

காப்பாற்றிய கூண்டு

என்ன செய்வது? ஒரு யோசனை பிறந்தது. பயணத்தில்தானே பறவை சாகிறது? பயணத்தையே நிறுத்திவிட்டால்?

நாரைக் குஞ்சுகளைப் பெரிய வலைக்கூண்டுகளில் வைத்து வளர்த்தார்கள். சில குளிர் காலங்கள் அங்கேயே இரை கொடுத்தார்கள். மூன்று வயதானதும் திறந்துவிட்டார்கள். அதற்குள் அவற்றுக்குத் தூர தேசம் போகும் எண்ணமே மறந்துவிட்டது! அருகிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன.

இதற்காக உனாவீர் என்ற கிராமத்தில் 1976-ல் ஒரு நிலையம் ஏற்பட்டது. ஸ்ட்ராஸ்பர்க் நகரப் பூங்காவிலும் நாரைக் கூண்டு வைத்தார்கள்.

இதிலும் ஒரு சங்கடம் இருந்தது. பறக்க மறந்த பறவைக்குக் குளிர் காலம் முழுவதும் மனிதன்தான் சோறு போட வேண்டும். ஆகவே, எண்ணிக்கை பெருகியபின் கூண்டில் வளர்க்கும் வழக்கத்தைக் குறைத்துக்கொண்டார்கள். புதிய குஞ்சுகள் பல, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, மறுபடியும் தெற்கு நோக்கிப் பறக்கின்றன. இன்று அல்சாசில் நூற்றுக்கணக்கான ஜோடிகள் வாழ்கின்றன.

ஆரஞ்சு மரப் பூங்கா

நாரைகளை அருகில் பார்க்க ஆசையா? ஸ்ட்ராஸ்பர்க் நகரின் 'ஆரஞ்சரி' பூங்காவுக்குப் போகவேண்டும். பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்ட்ராஸ்பர்க் வந்துவிடலாம்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது ஒரு பிரபுவின் அரண்மனையிலிருந்து ஆரஞ்சு மரங்களைப் பறிமுதல் செய்தார்கள். அவை இந்த நகருக்கு வந்தன. குளிர் தாங்காத மரங்கள் அல்லவா? அவற்றுக்காக ஒரு மாளிகையே கட்டினார்கள்! நெப்போலியனின் மனைவி ஜோசபின் பெயர் அதற்கு.

பூங்காவில் ஏரி உண்டு, படகு உண்டு, செயற்கை அருவி உண்டு. 1607-ல் கட்டிய ஒரு குடியானவர் வீடும் உண்டு. அது வேறு ஊரில் இருந்த வீடு. 1895-ல் நடந்த பொருட்காட்சிக்காகக் கட்டை கட்டையாகப் பிரித்து எடுத்து வந்து இங்கே மறுபடி நிறுத்தினார்கள்.

இங்கே நீண்ட காலம் ஒரு சிறிய மிருகக்காட்சிசாலையும் இருந்தது. கூண்டுகள் மிகவும் சிறியவை என்று பிற்காலத்தில் கண்டனம் எழுந்தது. ஆனால் மர உச்சியில் கட்டிய நாரைக் கூடுகளுக்குக் கம்பியும் இல்லை, கதவும் இல்லை.

தொழிலாளிக்கு ஒரு தோட்டம்

அல்சாசின் தெற்கே முலூஸ் நகரம். துணிக்குச் சாயம் அச்சடிக்கும் ஆலைகளால் பேர்பெற்ற ஊர். நாள் முழுவதும் புகையிலும் இரைச்சலிலும் உழைக்கும் தொழிலாளி, ஓய்வு நாளில் குடும்பத்தோடு காற்று வாங்க வேண்டாமா? சில ஆலை முதலாளிகள் சேர்ந்து 1868-ல் இங்கே ஒரு மிருகக்காட்சிசாலை வைத்தார்கள். பிறகு நகரசபை அதை ஏற்று நடத்தியது.

குன்றின் சரிவில் மரங்களுக்கு நடுவே அமைந்த இடம். பனிக்கரடி உண்டு. அழிந்துவரும் மிருகங்களைப் பெருக்குவதே இன்று இதன் முக்கிய வேலை. மடகாஸ்கர் தீவில் மட்டும் வாழும் லெமூர் என்னும் தேவாங்கு போன்ற பிராணிகளைக் காப்பதில் இதற்கு நல்ல பெயர்.

கூரை இல்லாத 'கூரைப் பாலம்'

ஸ்ட்ராஸ்பர்க்கில் 'சின்ன பிரான்ஸ்' என்று ஒரு பழைய பேட்டை இருக்கிறது. பெயரைக் கேட்டு ஏமாறவேண்டாம். முன்பு அங்கே ஒரு மருத்துவமனை இருந்தது. 'பிரெஞ்சு நோய்' என்று அக்காலத்தவர் சொன்ன மேக நோய்க்கு அங்கே சிகிச்சை. அதிலிருந்து வந்த பெயர் அது!

ஆறு பல கிளையாய்ப் பிரிந்து ஓடும் இந்த இடத்தில் தோல் பதனிடுபவரும், மாவு அரைப்பவரும், மீன் பிடிப்பவரும் வாழ்ந்தார்கள். மரச்சட்டங்களை நிறுத்தி, இடையில் மண்ணும் வைக்கோலும் குழைத்து அடைத்த வீடுகள். கூரையில் அடுக்கடுக்காகத் திறந்த பரண்கள். தோலை உலர்த்துவதற்காக வைத்தவை அவை. 1572-ல் கட்டிய தோல்காரர் வீடு இன்றும் நிற்கிறது.

பக்கத்தில் 'கூரைப் பாலங்கள்'. கூரையைத் தேடினால் கிடைக்காது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எடுத்துவிட்டார்கள். பெயரை மட்டும் எடுக்கவில்லை! இந்தப் பேட்டை அடங்கிய பழைய நகரை யுனெஸ்கோ 1988-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

காய்கறிப் படகில் சவாரி

ரயிலில் அரை மணி தெற்கே போனால் கோல்மார். இங்கே வீடுகளுக்கு நடுவே ஒரு சிற்றாறு. இரு கரையிலும் நீலம், மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் பூசிய வீடுகள். ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. 'சின்ன வெனிஸ்' என்று பெயர்.

காய்கறித் தோட்டக்காரர்கள் ஒரு காலத்தில் தட்டைப் படகில் காய் ஏற்றி ஆற்று வழியாகவே சந்தைக்கு வந்தார்கள். இன்று அதே மாதிரிப் படகில் பார்க்க வந்தவர்கள் தலையைக் குனிந்து பாலத்தின் கீழே போகிறார்கள்.

அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையைச் செய்த பார்த்தோல்டி 1834-ல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் இறந்து நூறாவது ஆண்டான 2004-ல், 12 மீட்டர் உயரத்தில் அதே சிலையை ஊர் வாசலில் நிறுத்தினார்கள்.

சர்க்கரை வைத்த குழந்தை

'தம்பி எங்கிருந்து வந்தான்?' என்று அல்சாஸ் குழந்தை கேட்டால், 'நாரை கொண்டு வந்தது' என்பார்கள் பெரியவர்கள். தம்பி வேண்டுமானால் ஜன்னலில் சர்க்கரைக் கட்டி வைக்கவேண்டும் என்பது கதை.

1974-ல் நாரை ஒன்பது ஜோடியானபோதும் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் கதை சொல்லும் பாட்டிக்குச் சுட்டிக் காட்டக் கூரை மேல் நாரை இல்லை.

இப்போது இருக்கிறது!