சிறு காமிராவும் சிற்றுயிரும்

கண்ணாற் கண்டதும் பொய்யாதல் உண்டு என்பர் பெரியோர். அதன் உண்மையை எனக்கு உணர்த்தியது எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாமரம். அம்மரத்தில் முயிறு என்னும் செவ்வெறும்புகள் இலைகளை நூலாற் பிணித்துக் கூடு கட்டி வாழ்கின்றன. கடுமையாகக் கடிக்கும் இயல்பினவாதலின் அவற்றை எவரும் அணுகார். கூட்டிற்குச் சற்று விலகி, ஓர் இலையின்மேல் தனித்துத் திரிந்த சிற்றுயிர் ஒன்றையும் முயிறு என்றே யான் பல நாள் எண்ணியிருந்தேன்.

ஒருநாள், கைக்கு அடக்கமான ஒரு டிஜிட்டல் காமிராவைக் கொண்டு அதனைப் படம் எடுத்தேன். படத்தில் இலையின் நரம்புகள் எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. அவ்வுயிரோ செந்நிறக் கறையாகத் தோன்றியது. மறுநாளும் முயன்றேன், அதற்கு அடுத்த நாளும் முயன்றேன். நான்காம் நாள் தெளிந்த படம் ஒன்று கிடைத்தது. அதிற் கால்களை எண்ணினேன். எட்டு இருந்தன! எறும்பிற்குக் கால்கள் ஆறு அல்லவா? உணர்கொம்புகள் என்று யான் கருதிய இரண்டும் கொம்புகள் அல்ல. உயர்த்திப் பிடித்த முன்னங்கால்களே. முகத்தில் விளக்குப் போன்ற இரு பெரிய கண்களும் இருந்தன. முயிற்றைப்போல் உருக்கொண்டு வாழும் சிலந்தி அது. முயிற்றின் கடிக்கு அஞ்சி விலகும் பகைகள், அதன் வடிவுடைய இச்சிலந்தியையும் விட்டு விலகுகின்றன.

மங்கிய படம் அதனை எறும்பு என்று காட்டியது. தெளிந்த படம் சிலந்தி என்று காட்டியது. ஆதலின் தெளிவு என்பது படத்திற்கு அழகு மட்டுமன்று; அதன் வாய்மையும் அதுவே. சிறு பொருள்களை அணுகித் தெளிவாகப் படம் எடுக்கும் முறையை இனிக் காண்போம்.

காமிராவின் கண்

பொருளினின்று வரும் ஒளிக்கதிர்கள் காமிராவின் முகப்பிலுள்ள லென்ஸின் வழியே புகுந்து, வளைந்து, பின்புறத்தே ஒன்று கூடுகின்றன. அங்கே ஒளியை உணரும் சிறு தகடு ஒன்று உளது. பழைய காமிராவிற் பிலிம் செய்த தொழிலை இதில் அத்தகடு செய்கிறது. கதிர்கள் தகட்டின்மேற் சரியாகக் கூடினால், பொருளின் ஒவ்வொரு புள்ளியும் படத்திலும் புள்ளியாகவே விழும். முன்னோ பின்னோ கூடினால், புள்ளி வட்டமாகப் பரவும். இவ்வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதையே மங்கல் என்கிறோம்.

1975-ஆம் ஆண்டில், ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் டிஜிட்டல் காமிரா ஒன்றை முதன்முதலாக அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். ஒரு படத்தைப் பதிவதற்கு அது 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. இன்றோ சட்டைப் பையில் அடங்கும் காமிரா கண்ணிமைக்கும் நேரத்திற்குள் படத்தைப் பதிந்துவிடுகிறது.

தொலைவு அறிதல்

ஒரு புத்தகத்தை மூக்கின் அருகே கொண்டுவந்து பாருங்கள், எழுத்துக்கள் கலங்கும். கண்ணிற்கு உள்ளதுபோலவே காமிராவிற்கும் அணுகும் எல்லை ஒன்று உண்டு. பொருள் அருகில் வர வர, கதிர்கள் கூடும் இடம் பின்னே செல்லும். அதற்கு ஈடாக லென்ஸ் முன்னே நகர வேண்டும். அவ்வாறு நகர்வதற்கு ஓர் அளவு உண்டு. அவ்வளவைக் கடந்து நெருங்கினால், எத்துணை விலையுயர்ந்த காமிராவும் மங்கிய படத்தையே தரும்.

சிறு காமிராக்களில் மலர் வடிவான அடையாளம் ஒன்றைக் காணலாம். அதுவே அணுகிப் படம் எடுத்தற்குரிய மேக்ரோ அமைப்பு. அதனைத் தேர்ந்தபின், பல காமிராக்கள் 5 சென்டிமீட்டர் வரையும், சில 1 சென்டிமீட்டர் வரையும் நெருங்க இடந்தரும். ஆயினும், இச்சலுகை பெரும்பாலும் ஜூமை நீட்டாத நிலைக்கே உரியது. ஜூமை நீட்டினால் அவ்வெல்லை 30 சென்டிமீட்டருக்கு மேலும் விலகுதல் கூடும். ஆகவே, உருவைப் பெரிதாக்க விரும்புவோர் ஜூமை நீட்டுதலைவிடக் காமிராவையே மெல்ல முன் கொண்டுசெல்லுதல் நன்று. டிஜிட்டல் ஜூம் என்பதோ எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதே. அது புதிய நுட்பம் எதனையும் சேர்ப்பதில்லை.

தெளிவின் கனம்

நெருங்கிய படத்தில், தெளிவாக விழும் பகுதியின் கனம் மிகக் குறைவு. சில மில்லிமீட்டரே இருக்கும். அதற்கு முன்னுள்ளதும் பின்னுள்ளதும் மங்கிவிடும். ஆதலின் சிலந்தியை முகத்தெதிரே நின்று எடுத்தால் கண் தெளியும், பின்னங்கால் மங்கும். எட்டுக் கால்களையும் எண்ண விரும்பினால், அதன் உடல் கிடக்கும் வாக்கிற்கு இணையாகக் காமிராவைப் பிடித்தல் வேண்டும். இரண்டும் இயலாதபோது கண்ணைத் தெளிவாக்குக. கண் தெளிந்த படம் முழுதும் தெளிந்தது போலத் தோன்றும்.

காமிரா தானே பொருளைக் குறிவைக்கும்போது, ஒளியும் நிழலும் கூர்மையாகச் சந்திக்கும் இடத்தையே நாடும். என் முதற் படத்தில் இலை நரம்புகள் தெளிந்ததற்குக் காரணம் இதுவே. எனவே, குறிக்கட்டத்தைப் படத்தின் நடுவே அமைத்து, அதனை உயிரின்மேல் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்துக. கட்டம் பச்சையாக மாறினால் குறி அமைந்தது என்று அறியலாம். அதன்பின் உடல் அரைச் சென்டிமீட்டர் சாய்ந்தாலும் குறி தப்பும். ஆகவே அசையாது நின்று, பொத்தானை முழுதும் மென்மையாக அழுத்துக.

ஒளியும் அசைவின்மையும்

உருவம் பெரிதாகும்போது கையின் நடுக்கமும் உடன் பெரிதாகிறது. விநாடியில் 250-இல் ஒரு பங்கோ அதனினும் குறைந்த நேரமோ ஒளி புகுமாயின் நடுக்கம் பெரும்பாலும் தோன்றாது. அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். காலை வெயில் இதற்கு ஏற்றது. காற்றும் அப்பொழுது அடங்கியிருக்கும். மிக அருகில் பிளாஷ் ஒளியைப் பயன்படுத்தினால் உருவம் வெளுத்துப்போகும்; அன்றி லென்ஸின் நிழலே அதன்மேல் விழும். ஒரு வெள்ளைத்தாளை நிழற்பக்கத்தே பிடித்தால், அது வெயிலைத் திருப்பி மென்மையாக ஒளியூட்டும்.

முழங்கைகளை விலாவோடு சேர்த்துக்கொள்க. அல்லது காமிராவை ஒரு செங்கல்லின்மேல் வைத்திடுக. பூ, விதை, நாணயம் போன்ற அசையாப் பொருளாயின், 2 விநாடி கழித்துத் தானே படம் எடுக்கும் அமைப்பைத் தேர்ந்து கையை எடுத்துவிடுக. ஒரு படத்தோடு அமைதி கொள்ளாமல் பத்துப் படங்கள் எடுத்து, அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்து நல்லதைத் தேர்க. இன்று பலர் கையிலுள்ள கைப்பேசிக் காமிராவிற்கும் இவ்விதிகள் பெரும்பாலும் பொருந்தும்.

ஊறு செய்யாமை

அசையும் உயிரை அசையாமல் நிறுத்தவேண்டிச் சிலர் அதனைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்கின்றனர். சிலர் இலையைக் கிள்ளி வீட்டிற்குள் கொண்டுவருகின்றனர். இவை தகாத செயல்கள். முன்னாளில் பூச்சிகளின் இயல்பை ஆராய்ந்தோர் அவற்றைக் கொன்று ஊசியிற் குத்தி வைத்தனர். கொல்லாமலே பலவற்றை அறியும் வாய்ப்பினை இச்சிறு கருவி நமக்கு அளித்துள்ளது. அவ்வாய்ப்பைக் கெடுத்தல் கூடாது. உயிர் ஓடி ஒளிந்தால் நாம் காத்திருத்தல் வேண்டும். மூன்று நாள் ஓடி ஒளிந்த சிலந்தி, நான்காம் நாள் என் நிழல் தன்மேல் விழாதபோது தானே இலையின் மேற்புறம் வந்து நின்றது.

மாணவர்களே, உங்கள் பள்ளித் தோட்டத்திலும் நீங்கள் எறும்பு என்று எண்ணிக் கடந்துசெல்லும் உயிர்கள் பல இருக்கக்கூடும். அருகிற் சென்று, அவற்றிற்கு இடர் விளைக்காமல், கைந்நடுக்கமின்றி ஒரு படம் எடுங்கள். பின்னர்க் கால்களை எண்ணிப் பாருங்கள்.