வாழ்த்து அட்டையில் சிரிக்கும் குட்டி நாய்: அது உண்மையில் சிரிக்கிறதா?

மும்பை:

'பக்' என்ற நாயினத்தை அந்தப் பெயரால் அறிந்தவர்களைவிட, 'ஹட்ச் நாய்' என்றும் 'வோடஃபோன் நாய்' என்றும் அழைப்பவர்களே நம் நாட்டில் அதிகம் எனலாம். ஓர் உயிரினம் தன்னை விளம்பரத்தில் காட்டிய நிறுவனத்தின் பெயரால் அறியப்படுவது அரிது. மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் கடைத்தெருக்களில் பரிசுப் பொருள் விற்கும் கடை எதற்குள் நுழைந்தாலும் அந்த முகத்தைக் காணலாம். காபிக் குவளை, தலையணை உறை, சாவிக்கொத்து, பிறந்தநாள் அட்டை என எல்லாவற்றிலும் சுருங்கிய நெற்றியும் உருண்டு திரண்ட கண்களும் கொண்ட ஒரு குட்டி நாய் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு அடுத்தபடியாக ஷிட்ஸுவும் பொமரேனியனும் இடம்பெறுகின்றன.

பார்ப்பவரை மகிழ்விப்பதைத் தவிர இப்படங்களுக்கு வேறு நோக்கம் இருப்பதாகத் தோன்றாது. ஆனால் இத்தகைய படங்களை அச்சிட வேண்டாம் என்று பிரிட்டன் கால்நடை மருத்துவர் சங்கம் வாழ்த்து அட்டை நிறுவனங்களையே நேரடியாகக் கேட்டுக்கொண்டது. ஒரு நாய்ப் படத்தின் மீது மருத்துவர்களுக்கு என்ன கோபம்? அதைப் புரிந்துகொள்ள, நாய்கள் 'மாடல்' ஆன கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

'நாய் மார்க்' இசைத்தட்டு

தமிழ் இல்லங்களுக்குள் படமாக நுழைந்த முதல் புகழ்பெற்ற நாய் 'நிப்பர்' ஆகத்தான் இருக்க வேண்டும். எச்.எம்.வி. இசைத்தட்டுகளில் ஒலிபெருக்கிக் குழலின் முன் தலை சாய்த்து அமர்ந்திருக்கும் அந்த நாயைப் பார்த்து, மக்கள் அவற்றை 'நாய் மார்க்' இசைத்தட்டுகள் என்றே அழைத்தனர். 1884-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்த நிப்பர் 1895-இல் இறந்துவிட்டது. ஓவியர் பிரான்சிஸ் பரோ அதன் உருவத்தைத் தீட்டியது அதற்குப் பிறகுதான். முதலில் அவர் வரைந்திருந்தது வேறு வகை ஒலிப்பதிவுக் கருவி. அதை அழித்துத் தங்களுடைய கிராமஃபோனை வரைந்து தர வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் 1899-இல் கிராமஃபோன் நிறுவனம் அந்த ஓவியத்தை வாங்கியது. அந்த ஓவியத்துக்காக எந்த நாயும் மேடையேற்றப்படவில்லை. எந்தக் குட்டிக்கும் உடை மாட்டப்படவில்லை. விளம்பர வரலாற்றில் எவருக்கும் துன்பமின்றி அமைந்த நாய் 'மாடல்' அதுவே என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒளிப்படக் கருவி வந்தபின் நிலைமை மாறியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி விட்டியர் ஃபிரீஸ் என்பவர், 1900-களின் தொடக்கத்தில் பூனைக்குட்டிகளுக்கும் நாய்க்குட்டிகளுக்கும் சட்டை, தொப்பி அணிவித்து, துணி துவைப்பதும் பள்ளிக்குச் செல்வதும் போல நிறுத்திப் படமெடுத்து அஞ்சலட்டைகளாக வெளியிட்டார். இன்றைய 'க்யூட்' அட்டைகளுக்கு முன்னோடி அவரே. குட்டிகள் அசையாமல் இருக்க விறைப்பான துணிகளையும் குண்டூசிகளையும் அவர் பயன்படுத்தினார் (ஊசிகள் உடையைத்தான் பிடித்து நிறுத்தின, குட்டிகளை அல்ல). எடுத்த படங்களில் மூன்றில் இரண்டு பங்கை வீசிவிட வேண்டியிருந்தது. அந்த வேலை தந்த மன அழுத்தம் காரணமாக ஆண்டுக்கு மூன்று மாதங்கள் மட்டுமே அவர் படமெடுத்தார். படமெடுத்தவருக்கே அவ்வளவு அழுத்தம் என்றால், குட்டிகளின் நிலையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழகத்தில் இந்த மரபைத் தன் பாணியில் வளர்த்தது சிவகாசி. 1923-இல் கொல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோர் அங்கு அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு ஒட்டும் படச்சீட்டின் தேவையிலிருந்து அச்சுத்தொழில் பிறந்தது. நாட்காட்டிகளும் பொங்கல் வாழ்த்து அட்டைகளும் அதன் தொடர்ச்சி. தெய்வங்கள், திரை நட்சத்திரங்கள், மலர்கள், குழந்தைகள் ஆகியவற்றுக்கு இடையே கூடையில் அமர்ந்த வெண்ணிற நாய்க்குட்டிகளுக்கும் அவற்றில் நிலையான இடம் உண்டு. நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் தாராவிக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு, தை மாதத்தில் ஊரிலிருந்து தபாலில் வந்து சேர்ந்தவை இத்தகைய அட்டைகளே.

செல்பேசி பரவியதும் அந்த வழக்கம் தேய்ந்தது. அந்தச் செல்பேசியை விற்க வந்ததும் ஒரு குட்டி நாய்தான்.

சீக்கா வந்த கதை

2003-ஆம் ஆண்டு ஹட்ச் நிறுவனத்துக்காக, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒகில்வி விளம்பர நிறுவனம் ஒரு படத்தை உருவாக்கியது. வி.மகேஷ், ராஜீவ் ராவ் ஆகியோரின் கருத்தாக்கம்; இயக்கம் பிரகாஷ் வர்மா. 2025-இல் வெளியான மலையாளப் படமான 'துடரும்' மூலம் வில்லன் நடிகராக அறிமுகமானவரும் இதே பிரகாஷ் வர்மாதான். சிறுவன் ஒருவன் எங்கே சென்றாலும் ஒரு பக் நாய் அவனைப் பின்தொடர்கிறது. அதைப் போலவே எங்கள் நெட்வொர்க்கும் பின்தொடரும் என்பதுதான் செய்தி. கோவாவில் படமாக்கப்பட்ட அதில் நடித்த நாயின் பெயர் சீக்கா. 2007 செப்டம்பரில் ஹட்ச், வோடஃபோனாக மாறியபோது, அந்தப் பெயர் மாற்றத்தை நாட்டுக்கு அறிவித்ததும் அந்த நாயே. தனது இளஞ்சிவப்புக் கொட்டில் இருந்த இடத்தில் புதிய சிவப்புக் கொட்டில் இருப்பதைக் கண்டு அது உள்ளே சென்று அமர்ந்தது.

விளம்பரம் விற்க முனைந்தது செல்பேசிச் சேவையை. கூடவே விற்கப்பட்டது நாயினம். அதுவரை நம் நகரங்களில் அரிதாக இருந்த பக், ஒரு சில ஆண்டுகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் விருப்ப நாயானது. தேவை பெருகியதும் முறையற்ற இனப்பெருக்கமும் பெருகியது. விலங்கு நல அமைப்பான பீட்டா இந்தியா, விளம்பரங்களில் பக் நாய்களைப் பயன்படுத்துவதைக் கைவிடுமாறு வோடஃபோன் நிறுவனத்தைப் பின்னாளில் கேட்டுக்கொண்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய போக்கு அன்று. நாய்கள் நடித்த 87 அமெரிக்கத் திரைப்படங்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, படத்தில் தோன்றிய இனத்துக்கான மோகம் பத்து ஆண்டுகள் வரைகூட நீடிக்கலாம் எனக் கண்டறிந்தது. திரையரங்கை விட்டுப் படம் போய்விடும்; வீட்டுக்கு வந்த நாய் 12, 13 ஆண்டுகள் வாழும்.

அழகே நோயாகும் விந்தை

குட்டி நாயின் முகம் நம்மை ஏன் இவ்வளவு ஈர்க்கிறது? விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கொன்ராட் லோரன்ஸ், 1943-லேயே இதற்கு ஒரு விளக்கம் தந்தார். உடலுக்குப் பெரிதான தலை, உயர்ந்த நெற்றி, பெரிய கண்கள், புடைத்த கன்னம், சிறிய மூக்கு ஆகியவை மனிதக் குழந்தையின் அடையாளங்கள். இவற்றை எங்கே கண்டாலும் பேணிக் காக்கும் உணர்வு நமக்குள் தானாகவே எழுகிறது. அட்டை அச்சிடுபவர் இதை ஆய்வேட்டில் படித்திருக்க வேண்டியதில்லை. எந்தப் படம் விற்கிறது என்பதை அவர் கண்ணால் பார்க்கிறார்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. குழந்தை முகம் வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்ததில், பக் நாயின் மூக்கெலும்பும் தாடையும் குறுகின. ஆனால் அவற்றுக்குள் இருக்க வேண்டிய தசையும் திசுவும் அதே அளவுக்குக் குறையவில்லை. சிறிய பெட்டிக்குள் பெரிய துணி மூட்டையைத் திணித்தது போன்ற நிலை. நாசித் துளைகள் இறுகிப்போகின்றன. நீண்டு தொங்கும் மென்னண்ணம் மூச்சுப் பாதையை அடைக்கிறது. நாம் 'செல்லக் குறட்டை' என்று ரசிப்பது அந்த அடைப்பின் ஓசையைத்தான். கண்குழி ஆழமில்லாததால் வெளியே துருத்தும் கண்கள் எளிதில் புண்ணாகின்றன. முக மடிப்புகளில் ஈரம் தங்கித் தொற்று ஏற்படுகிறது.

லண்டனில் உள்ள அரச கால்நடை மருத்துவக் கல்லூரி 2022-இல் வெளியிட்ட ஆய்வில் 4,308 பக் நாய்களின் உடல்நலம், மற்ற இனங்களைச் சேர்ந்த 21,835 நாய்களுடன் ஒப்பிடப்பட்டது. பிற நாய்களைவிட பக் நாய்க்கு ஏதேனும் ஒரு நோய் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்றும், மூச்சுப்பாதை அடைப்பு நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 54 மடங்கு என்றும் தெரியவந்தது. உடல்நல நோக்கில் இதை இனி இயல்பான நாயாகக் கருத இயலாது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். சினந்து கடிக்கும் தன்மை போன்ற சில குறைகள் இவ்வினத்தில் குறைவு என்பதையும் அதே ஆய்வு பதிவுசெய்தது.

நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கி, மூக்கின் உட்புற ஈரப்பரப்பின் வழியே காற்றைச் செலுத்தித்தான் அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. மூக்கே இல்லாத முகத்தில் அந்தப் பரப்பு மிகக் குறைவு. இந்நிலையில் மும்பையின் மே மாதப் புழுக்கத்தையோ அக்டோபர் வெயிலையோ எண்ணிப் பார்க்க வேண்டும். கடற்காற்றின் ஈரப்பதத்தில் வெப்பம் எளிதில் தணிவதில்லை. தகரக் கூரை வீட்டிலும், காற்றோட்டமற்ற அடுக்கக அறையிலும் வளரும் தட்டை முக நாய்க்கு வெப்பத் தாக்கு உயிருக்கே உலை வைக்கும். விமான நிறுவனங்கள் பலவும் இத்தகைய நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்ற மறுப்பதற்கும் இதுவே காரணம்.

வாய் அகலத் திறந்து, நாக்கு விரிந்து, கண்கள் பெரிதாகத் தெரியும் அட்டைப் படத்தை இந்தப் பின்னணியில் மீண்டும் பார்த்தால் வேறு பொருள் புலப்படும். பல நேரங்களில் அது சிரிப்பன்று. விளக்குகளின் சூட்டில் மூச்சுக்குத் தவிக்கும் முகம்.

பிரிட்டன் மருத்துவர்கள் அட்டை நிறுவனங்களிடம் சென்றதன் காரணம் இதுவே. படம் இனத்தின் மீது ஆசையை வளர்க்கிறது, ஆசை நோயுற்ற குட்டிகளைப் பெருக்குகிறது என்பது அவர்கள் வாதம். அங்குள்ள இணையவழி வாழ்த்து அட்டை நிறுவனமான மூன்பிக், பக், பிரெஞ்சு புல்டாக் படங்களை விலக்கிக்கொள்வதாக 2022-இல் அறிவித்தது. நெதர்லாந்து இன்னும் ஒரு படி மேலே சென்று, முகவாயின் நீளம் மண்டையோட்டு நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள நாய்களை இனப்பெருக்கம் செய்யலாகாது என 2019 முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

விளம்பரப் படத்துக்கும் திரைப்படத்துக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவதை 2001-ஆம் ஆண்டின் நிகழ்த்துகலை விலங்குகள் பதிவு விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. இந்திய விலங்கு நல வாரியத்திடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நோயுற்ற, காயமடைந்த, கருவுற்ற விலங்கைப் பயன்படுத்தக் கூடாது. மயக்க மருந்து தரக் கூடாது. இயல்பான நடத்தைக்கு மாறாக எதையும் செய்விக்கக் கூடாது. விதிகள் செவ்வையாகவே உள்ளன. ஆனால் அவை காப்பது படப்பிடிப்பில் நிற்கும் ஒரு நாயை மட்டுமே. அப்படத்தைப் பார்த்து வாங்கப்படும் ஆயிரம் நாய்களைப் பற்றி அவை பேசுவதில்லை.

அவற்றுக்கென இருப்பவை 2017-இன் நாய் இனப்பெருக்க விதிகளும் 2018-இன் செல்லப்பிராணிக் கடை விதிகளும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெண் நாயைப் பன்னிரண்டு மாதங்களில் ஒருமுறைக்கு மேல் ஈனச் செய்யக் கூடாது. அதன் வாழ்நாளில் ஐந்து ஈற்றுகளுக்கு மேல் கூடாது. இனப்பெருக்கம் செய்பவரும் கடைக்காரரும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விலங்கு வதைக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதமோ 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அந்தத் தொகைக்கு இன்று ஒரு வாழ்த்து அட்டை கிடைப்பதே கடினம்.

அட்டைக்கு ஏற்ற முகங்கள் நம்மிடமே இல்லாமல் இல்லை. இமாலய மேய்ச்சல் நாய், ராம்பூர், முதோள், ராஜபாளையம் ஆகிய நான்கு இந்திய இனங்களுக்கு 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல்துறை தபால்தலைகளை வெளியிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றின் பெயர்களைப் பிரதமர் நரேந்திர மோடி 2020 ஆகஸ்டில் தமது வானொலி உரையில் குறிப்பிட்டார். விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசிக்கு அருகிலேயே இருக்கிறது ராஜபாளையம். எனினும் அச்சகங்களின் அட்டைகளில் கூடைக்குள் அமர்ந்திருப்பது என்னவோ அயல்நாட்டுக் குட்டிதான். வேட்டைக்கு வளர்க்கப்பட்ட நீள்முக நாய்கள் ஒரு சிறிய வீட்டுக்கு ஏற்றவையா என்பது தனிக் கேள்வி. தாராவியில் அவை ஓட இடமில்லை. மும்பைத் தெருக்களில் பிறந்த குட்டிகளைத் தத்தெடுப்பதையே விலங்கு நல அமைப்புகள் பரிந்துரைக்கின்றன.

வீட்டில் படமெடுப்பவர்களுக்கு

தங்கள் நாயின் படத்தைக் குவளையிலோ நாட்காட்டியிலோ அச்சிட்டுப் பரிசளிப்பது இப்போது பரவலாகிவிட்டது. அதில் தவறேதும் இல்லை. காலை வெளிச்சத்தில் ஜன்னலருகே, நாயின் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து அமர்ந்து, சில நிமிடங்களில் முடித்துவிட்டால் படமும் நன்றாக அமையும். நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தூக்கமின்றியே கொட்டாவி விடுவது, கண்ணின் வெண்பகுதி தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது ஆகியவை அச்சத்தின் அறிகுறிகள். அப்போது நிறுத்திவிட வேண்டும். பண்டிகை உடையும் தொப்பியும் தட்டை முக நாய்க்கு வெப்பத்தைக் கூட்டுகின்றன. படத்துக்காக அருகில் வைக்கும் சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு.

மூச்சிரைப்பு அடங்காமல், ஈறும் நாக்கும் கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினால் காத்திருக்கலாகாது. உடலைச் சாதாரண நீரால் நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மாட்டுங்கா, தாராவி வாசிகளுக்கு அருகிலேயே, பரேலில், 1883-இல் தொடங்கப்பட்ட பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இயங்கிவருகிறது.

பிறந்தநாள் பரிசாக அட்டைக்குப் பதிலாகக் குட்டியையே தர எண்ணுவோர், பெறுபவரின் ஒப்புதலை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. மும்பையில் நாய் வளர்ப்பதற்கு மாநகராட்சியின் உரிமம் பெற வேண்டும் என்பதும் குறிப்பிடத்தக்கது.