பொற்கொல்லர் பாஷையும் சாஃப்ட்வேர் பாஷையும்

பள்ளியில் குழூஉக்குறி படித்திருப்பீர்கள். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார். ஒரே தொழில் செய்பவர்கள் தங்களுக்குள் புரிந்துகொள்ள வைத்திருந்த சொற்கள் இவை. எங்கள் சாஃப்ட்வேர் துறையிலும் இப்படி ஒரு பாஷை உண்டு. பொற்கொல்லர் தன் சொல்லைப் பட்டறைக்குள்ளேயே வைத்துக் கொண்டார். நாங்களோ எங்கள் சொற்களை உங்கள் மானிட்டரிலேயே கொண்டு வந்து காட்டிவிட்டோம்.

ஒருமுறை பஸ்ஸில் போகும்போது அலுவலக நண்பருக்கு போனில், “முதல்ல சைல்டை கில் பண்ணிடு, அப்புறம் பேரன்ட்டைப் பார்த்துக்கலாம்” என்றேன். பக்கத்து சீட் பெரியவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். இயங்கும் ஒரு புரோகிராம் தொடங்கி வைக்கும் இன்னொரு புரோகிராமைத்தான் நாங்கள் சைல்ட் என்கிறோம். அதை நிறுத்துவது கில்.

இந்தப் பழக்கம் எர்ரர் மெசேஜ்களிலும் புகுந்துவிட்டது. விண்டோஸ் 95, 98 காலத்தில் ‘இல்லீகல் ஆபரேஷன்’ என்று ஒரு கட்டம் தோன்றும். சட்டவிரோதமாக ஏதோ செய்துவிட்டோமோ என்று பயந்தவர்கள் உண்டு. புரோகிராம் தனக்கு அனுமதி இல்லாத ஒன்றைச் செய்ய முயன்றது என்பதே அதன் பொருள். பெரும்பாலும் தனக்கு ஒதுக்கப்படாத மெமரியைத் தொட்டிருக்கும். ‘ஃபேட்டல் எர்ரர்’ என்றால், அந்தப் புரோகிராம் இதற்கு மேல் ஓட முடியாது என்பதுதான். கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று பொருள் அல்ல. இல்லீகல், ஃபேட்டல், அபார்ட், கில் போன்ற சொற்களைத் தவிர்க்கும்படி மைக்ரோசாஃப்ட் நிறுவனமே புரோகிராமர்களுக்கான வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் ஆட்கள் எல்லோரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை!

எல்லாச் சொற்களும் நாங்கள் உண்டாக்கியவை அல்ல. அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்பவை அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைப் பிரித்து வைத்த மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும். இமெயிலில் வரும் ‘சிசி’ டைப்பிஸ்ட்டின் கார்பன் காப்பி. புரோகிராமில் குறை இருந்தால் ‘பேட்ச்’ போடுகிறோம். காகித நாடாவில் துளையிட்டுப் புரோகிராம் எழுதிய நாட்களில், தவறான துளையின் மேல் உண்மையாகவே ஒட்டுப் போட்டார்கள். ‘பக்’ என்ற சொல் 1947-ல் ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டரில் சிக்கிய விட்டில் பூச்சியால் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். பூச்சி கிடைத்ததும் அதை லாக் புத்தகத்தில் ஒட்டி வைத்ததும் நிஜம். ஆனால் இயந்திரக் கோளாறை ‘பக்’ என்று எடிசன் 1878-லேயே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

சரி, இதெல்லாம் சுவாரஸ்யம். உங்களுக்கு நஷ்டம் உண்டாக்கக் கூடிய ஒரு சொல்லுக்கு வருவோம். “சார், ஃபார்மட் அடிச்சிடலாமா?” சர்வீஸ் செய்பவருக்கு இது வீட்டுக்கு வெள்ளை அடிப்பது போல தினசரி வேலை. எங்கள் தெருவில் ஒரு அக்கா, ஏதோ சுத்தம் செய்யப் போகிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டார். கம்ப்யூட்டர் வேகமாகத் திரும்பி வந்தது. மகனின் முதல் 3 வருடப் போட்டோக்கள் வரவில்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை; அவர் தொழிலில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படுவதே இல்லை. அக்காவிடம் அதன் பொருளைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

ஃபார்மட் செய்த டிரைவில் இருந்த ஃபைல்கள் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. அதன் மேல் மீண்டும் விண்டோஸ் பதித்துவிட்டால் மீட்பது மிகக் கடினம். ஆகவே அந்தச் சொல் காதில் விழுந்ததும், “எந்த டிரைவை? அதில் என்னென்ன போகும்?” என்று கேளுங்கள். டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கும் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும். இவற்றை முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்திடுங்கள். நீங்கள் பதிந்த தமிழ் எழுத்துருக்களும் சி டிரைவில்தான் உள்ளன. பழைய எழுத்துருவில் டைப் செய்த கடிதங்கள், அந்த எழுத்துரு போய்விட்டால் புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். அவற்றையும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.