வழிகாட்டும் குரலுக்குப் பின்னால் இருப்பது வாக்கியம் அல்ல

"200 மீற்றரில் இடப்பக்கம் திரும்புங்கள்" என்று கைத்தொலைபேசி சொல்லும்போது, முன்பே எழுதி வைத்த ஒரு வாக்கியத்தை அது வாசிப்பதாகவே தோன்றும். ஆனால் நன்கு வடிவமைக்கப்பட்ட வழிகாட்டி மென்பொருளில் வாக்கியம் கடைசியில்தான் பிறக்கிறது. அதுவரை இருப்பது ஓர் 'ஒப்ஜெக்ட்'. தொடர்புடைய தகவல்களைப் பெயரிட்டு ஒன்றாகக் கட்டி வைத்த பொதி என்று அதனைச் சொல்லலாம்.

ஓஎஸ்ஆர்எம் இதற்கு நல்ல உதாரணம். ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவான இந்தத் திறந்த மூல மென்பொருள், எவரும் திருத்தக்கூடிய ஓப்பின்ஸ்ட்ரீட்மப் வரைபடத்தைக் கொண்டு வழி கணிக்கிறது.

பொதிக்குள் பொதி

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, சாவகச்சேரியில் ஒருவரை ஏற்றிக்கொண்டு, ஏ9 வீதியால் கிளிநொச்சி போவதாக வைத்துக்கொள்வோம். முழுப் பயணமும் ஒரு 'ரூட்'. ஒரு தரிப்பிடத்திலிருந்து அடுத்த தரிப்பிடம் வரை ஒரு 'லெக்'. எனவே இங்கே இரண்டு லெக்குகள். ஒவ்வொரு லெக்கும் பல 'ஸ்டெப்'களால் ஆனது.

ஒரு ஸ்டெப்பில் வீதியின் பெயர், மீற்றரில் தூரம், செக்கன்களில் நேரம், வாகனம் ஓடும் பக்கம் ஆகியவை இருக்கும். அதற்குள் 'மனூவர்' என்ற இன்னொரு பொதி. திரும்புவதா, சுற்றுவட்டத்தில் நுழைவதா, போய்ச் சேர்ந்துவிட்டோமா என்பதை அது சொல்கிறது. எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மையாகத் திரும்புவது என்பதற்கு 8 வகைகள் உள்ளன. திரும்புமுன் வாகனம் நோக்கிய திசையும் திரும்பிய பின் நோக்கும் திசையும் வடக்கிலிருந்து அளந்த பாகைகளாகப் பதிவாகும்.

ஏன் இந்தச் சிரமம்?

வாக்கியத்தை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது. தூரம் இலக்கமாக இருந்தால்தான் செயலி அதனைக் குறைத்துக்கொண்டே வந்து உரிய இடத்தில் எச்சரிக்கும். நான்கு வீதிகள் கூடும் சுற்றுவட்டத்தில் மூன்றாவது வெளிவழி இலங்கையில் வலப்பக்கம் கொண்டுபோகும், ஜேர்மனியில் இடப்பக்கம். 'மூன்று' என்ற இலக்கமும் திரும்பும் பக்கமும் வெவ்வேறாகப் பதிவானால் குழப்பம் இல்லை.

இதைவிட முக்கியமானது மொழி. ஓஎஸ்ஆர்எம் தயார் வாக்கியம் எதனையும் அனுப்புவதில்லை. வாக்கியத்தை அமைப்பது வேறொரு நிரலின் வேலை. ஆகவே வழி கணிக்கும் பகுதியைத் தொடாமலே தமிழைச் சேர்க்கலாம்.

அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் வீதியின் பெயரை வாக்கியத்தின் வெற்றிடத்தில் அப்படியே வைத்துவிடலாம். தமிழில் பெயரே உருமாறும். 'வீதி' 'வீதியில்' ஆகும். 'பாலம்' 'பாலத்தில்' ஆகும். எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் 'இல்' ஒட்டும் நிரல் 'பாலம்இல்' என்றுதான் பேசும். வேற்றுமை உருபு தெரிந்த ஒருவர் எழுதும் சில வரி விதிகள் இதனைத் தீர்த்துவிடும்.

திரையைப் பார்க்க முடியாமல் வீதியில் கண் வைத்திருக்கும் சாரதிக்குக் குரல்தான் துணை. அந்தக் குரல் தடுமாறினால், அவர் ஒரு கணம் யோசிப்பதற்குள் சந்தி கடந்துவிடும். தமிழ் வழிகாட்டி செய்ய விரும்பும் இளம் நிரலாளர்கள் புதிதாக வரைபடமோ கணிப்பு முறையோ உருவாக்க வேண்டியதில்லை. மீதமிருப்பது அந்தக் கடைசி வாக்கியம் மட்டுமே.