பழைய மகிழுந்துக்கு நியாயமான விலை

கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணியில் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டை உள்ளது. அங்குள்ள தொழிற்சாலைகளில் இரவு பகலாக வேலை செய்வோருக்கும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வாழ்வோருக்கும் மகிழுந்து ஆடம்பரப் பொருள் அன்று, அன்றாடத் தேவை. பல குடும்பங்கள் வீட்டுக்கு அடுத்தபடியாக அதிகப் பணம் செலவிடுவதும் அதற்குத்தான். ஆகவே, பழைய மகிழுந்தைக் கொடுத்துப் புதியதை வாங்கும்போது நியாயமான விலையைக் கேட்டுப் பெற அறிந்திருக்க வேண்டும்.

விற்பனையாளர் பழைய வண்டியைப் பழுதுபார்த்து மீண்டும் விற்பார். அச்செலவையும் தம் இலாபத்தையும் கழித்த பிறகே அவர் விலை கூறுவார். எனவே, நாமே நேரடியாக விற்றால் கிடைக்கும் விலையைவிட அது பெரும்பாலும் குறைவாக இருக்கும். இக்குறைவு இயல்பானதே, ஆனால், அளவு மீறக் கூடாது. அதே வகை, அதே ஆண்டு, ஏறக்குறைய அதே தூரம் ஓடிய வண்டிகளின் சந்தை விலையை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். மூன்று கடைகளிலாவது விலை கேட்பது நலம். பராமரிப்புக் குறிப்பேட்டைக் காட்டினால் பேரம் பேசுவது எளிதாகும்.

பழைய வண்டியின் விலையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, புதிய மகிழுந்தின் விலை 50,000 ரிங்கிட் எனக் கொள்வோம். முதல் கடைக்காரர் பழையதற்கு 15,000 ரிங்கிட் தருகிறார்; கழிவு தரவில்லை. நாம் செலுத்த வேண்டியது 35,000 ரிங்கிட். இரண்டாமவர் பழையதற்கு 14,000 ரிங்கிட் தந்து, புதியதன் விலையில் 2,500 ரிங்கிட் கழிக்கிறார். நாம் செலுத்த வேண்டியது 33,500 ரிங்கிட். குறைந்த விலை கூறியவரிடமே நமக்கு 1,500 ரிங்கிட் மிச்சம்! பழைய வண்டிக்கு வங்கிக் கடன் பாக்கி இருந்தால், அதைக் கழித்த பிறகு எஞ்சுவதே முன்பணத்திற்கு உதவும்.

2009ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் ஒரு திட்டத்தை அறிவித்தது. பத்து ஆண்டுகளுக்குக் குறையாத பழைய மகிழுந்தைக் கொடுத்துப் புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்குவோருக்கு 5,000 ரிங்கிட் கழிவு கிடைத்தது. சந்தையில் 3,000 ரிங்கிட் மட்டுமே பெறும் வண்டிக்கு இஃது ஆதாயம். 8,000 ரிங்கிட் பெறும் வண்டிக்கோ நட்டம். தம் வண்டியின் சந்தை விலையை அறிந்தவரே இதனைச் சரியாக முடிவு செய்ய இயலும்.

நியாயம் என்பது இரு தரப்புக்கும் பொது. விபத்தில் சிக்கிய வண்டியையோ வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையோ கொடுப்பவர் அதனை மறைத்தல் தவறு. அவ்வாறே, வண்டியை ஒப்படைப்பவர் உரிமை மாற்றம் முறையாக நடந்ததை உறுதிசெய்ய வேண்டும். இல்லையெனில், வேறொருவர் செய்யும் சாலைக் குற்றத்திற்கான சம்மன் பழைய உரிமையாளரின் பெயருக்கே வரும். விவரம் அறிந்து, கணக்கிட்டு, பணிவாகவும் உறுதியாகவும் பேசுபவர் உழைத்துச் சேர்த்த பணத்தை இழக்கமாட்டார்.